காலி டியூப்

மார்ச் 3, திங்கள்

மூச்சு: 350.

இந்த நோட்டு மூச்சை எழுதுவதற்காக வாங்கியது. தினமும் காலையில் பிளாஸ்டிக் குழலை ஊதி, முள் நிற்கிற எண்ணைக் குறித்து வைக்கச் சொன்னார் ஆஸ்துமா டாக்டர். ஒரு எண்ணுக்கு ஒரு பக்கமா என்று மனசு கேட்காமல் மற்றதையும் எழுத ஆரம்பித்தேன். இது ஏழாவது நோட்டு. "என்னத்தடி அப்படி எழுதுற? என்னையத் திட்டியா?" என்று என் வீட்டுக்காரர் சோலைமலை கேட்பார். பாதி அதுதான்.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவி ஹெப்சிபா மேடம் பேசாமல் என்னைப் பேச விட்டார். "மங்கையர்க்கரசி, சீனியர் டெக்னீஷியன், பத்தொன்பது வருஷ அனுபவம்" என்று அறிமுகம் வேறு. எனக்கு ஒரே பெருமை.

நான் சொன்னது இதுதான். இந்தக் கண் ஆஸ்பத்திரியில் கீழே மூன்று மாடியும் முழுக் கண்ணைப் பார்ப்பவர்களுடையது. நாலாவது மாடியில் நாங்கள் கண்ணின் ஒரே ஒரு செல்லைப் பார்க்கிறோம். கருவிழியின் ஓரத்தில் விதைநெல் மாதிரி சில செல்கள் உண்டு. கருவிழியைக் காலமெல்லாம் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை அவைதான். கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் அவை செத்துப்போகும், கருவிழி வெளுத்துவிடும். அப்போது நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து அரிசி நுனியளவு சதை எடுத்து, தட்டில் படலமாக வளர்த்து, கெட்ட கண்ணில் வைப்பார்கள். விதை செல் இருக்கிற படலம் பிடித்துக்கொள்ளும். இல்லாத படலம் ஒரு வருஷத்தில் தோற்றுவிடும். வெளியே பார்த்தால் எல்லா செல்லும் ஒரே மாதிரிதான். உள்ளே ஒரு வித்தியாசம் உண்டு. விதை செல்லில் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. நிறைய இருக்கும். டி.என்.ஏ. மாதிரி எழுத்துக் கோத்த இழை அது, இருபது சொச்சம் எழுத்துதான் நீளம்.

ஒரு பையன், "எல்லா செல்லையும் சேத்து அரைச்சு அளந்தா என்ன மேடம்?" என்றான். என்னை மேடம் என்று கூப்பிட்ட பிள்ளை, அதனால் பொறுமையாகச் சொன்னேன். "வகுப்புச் சராசரி அம்பதுன்னா, அதுல தொண்ணூறு வாங்குனது யாருன்னு தெரியுமாப்பா?" புரிந்துகொண்டான்.

பிறகு செல் எடுத்துக் காட்டினேன். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒரு துளி நீர், அதில் செல்கள். முடியை விட மெல்லிய கண்ணாடி ஊசி, அதன் மறுமுனையில் ரப்பர் குழல், குழலின் முனை என் வாயில். ஒரு சிட்டிகை மூச்சை இழுத்தால் ஒரு செல் ஏறும். ஊதினால் டியூபில் இறங்கும். முப்பது வயது வரை மூச்சுக்கு அல்லாடியவள் நான். எண்ணி எண்ணி மூச்சு விட்டுப் பழகியது இந்த வேலைக்குக் கை கொடுக்கிறது.

நாளின் முதல் டியூபில் செல் போடமாட்டேன். வெறும் நீரை எடுத்து விட்டு, மூடியில் 'உ' என்று எழுதுவேன். அதுதான் பிள்ளையார் சுழி. குட்டி ஆர்.என்.ஏ.வை அளக்கிற மெஷின் அந்தக் காலி டியூபில் ஒன்றும் காட்டக்கூடாது. பதினோரு மாதமாக ஒரு தடவைகூடக் காட்டியதில்லை.

புது பல்பு கண்ணைக் கூசுகிறது. மட்டமான சரக்கைப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மூச்சு: 345. செல் நாற்பது. இட்லி மாவு புளித்துவிட்டது, ஊத்தப்பமாக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

மூச்சு: 350.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு அம்மாள் கையைப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்றதால் முகம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் பேச்சியம்மாள் என்று கண்டுபிடித்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர். நீற்றுகிற தொட்டி கொதித்து இடது கண்ணில் தெறித்து நாலு வருஷம் ஆகிறது. அப்போது வைத்த படலம் எட்டு மாதத்தில் தோற்றுப்போனது. நல்ல கண்ணின் ஓரத்தில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் சதை எடுக்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். அதற்குமேல் எடுத்தால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து. இந்த முறை இரண்டு தட்டில் வளர்த்து, எதில் விதை செல் அதிகம் என்று நாங்கள் அளந்து சொல்லி, அதை வைப்பதாகத் திட்டம். ஏப்ரல் 25இல் இந்த முறைக்கு அனுமதி தருகிற குழு கூடுகிறது. குழு சம்மதித்தால் முதல் ஆள் பேச்சியம்மாள்தான்.

"என் கண்ணு எங்கிட்டுத் தாயி வளருது?" என்றார்.

"இன்னும் சதையே எடுக்கலையேம்மா."

"எடுத்து வச்சா உசுரோட இருக்குமா?"

"இருக்கும், இருக்கும்" என்றேன். லிஃப்ட் வந்தது, ஏறிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மூச்சு: 360!

கணக்கு முடிந்தது. நாற்பது செல்லுக்கு இருபத்திரண்டில் குட்டி ஆர்.என்.ஏ. நிறைய. பாதிக்கு மேல்! எங்கள் தட்டுகளில் விதை செல் மண்டிக் கிடக்கிறது. ஊரிலிருந்து கொண்டு வந்த அல்வாவை மேடம் எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு. "உங்க கை இல்லேன்னா இது நடந்திருக்காது, அரசி." தஸ்லிமா என் தோளைக் கட்டிக்கொண்டாள். மெஷினில் அளப்பது அவள்தான். நாலு வருஷமாக ஆராய்ச்சி மாணவி. குழு சம்மதித்ததும் அவள் ஆய்வேட்டை எழுதத் தொடங்கலாம்.

சாயந்திரம் கடையில் சோலைமலை ஊசியையும் நூலையும் நீட்டினார். தையல்காரருக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து இருபது வருஷமாக ஊசி கோர்ப்பது என் வேலை. நூல் பிரிபிரியாக இருந்தது, சரியாகவே ஏறவில்லை. "நல்ல நூலா வாங்குங்க" என்று கொடுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அவராகவே கோர்த்துக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்

மூச்சு: 350. டவுன் பஸ்ஸில் போர்டு எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். தப்பான பஸ்ஸில் ஏறி ஆரப்பாளையம் வரை போனேன். யாரிடமாவது புகார் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

மூச்சு: 340.

காலையிலேயே சகுனம் சரியில்லை. மூடியில் 'உ' எழுதுகிற நேரத்தில் தும்மல். டியூப் கையை விட்டு உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. செல்கள் காத்திருக்காது, சூட்டில் வெடித்துவிடும். அதனால் முதலில் செல்களை எடுத்தேன். கடைசியாக, நாற்பதும் முடிந்த பிறகு, அதே துளியிலிருந்து வெறும் நீரை எடுத்துக் காலி டியூபை நிரப்பினேன். சுழியைக் கடிதத்தின் அடியில் போட்ட கதை.

ஏப்ரல் 4, வெள்ளி

மூச்சு: 310.

தஸ்லிமாவோடு சண்டை. சண்டை போட்டது நான்தான், அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மெஷின் ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதை இரட்டிப்பாக்கும். உள்ளே நிறைய இருந்தால் சீக்கிரமே வெளிச்சம் காட்டும். விதை செல் என்றால் இருபத்தாறிலிருந்து முப்பதாவது சுற்றுக்குள் வரும். காலி டியூப் நாற்பது சுற்று ஓடினாலும் இருட்டாகவே இருக்க வேண்டும். நேற்று ஓட்டியதில் காலி டியூப் இருபத்தொன்பதாவது சுற்றில் வெளிச்சம் காட்டிவிட்டது.

"நீ மெஷினுக்குப் போடுற கலவையில அழுக்கு. கையுறை போடாம எதையாவது தொட்டிருப்ப."

"இல்லக்கா, புதுக் கலவைக்கா. அதே கலவைய தண்ணியில போட்டு ஓட்டுனேன், ஒண்ணுமே வரலக்கா."

"அப்பன்னா டியூப மாத்தி வச்சிருப்ப!"

அவளுக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. மனசு சரியில்லை. கலவையில்தான் அழுக்கு. வேறென்ன?

ஏப்ரல் 7, திங்கள்

மூச்சு: 300. வேலை. வெயில்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூச்சு: 290.

இன்று ஒரு காரியம் செய்தேன். வழக்கம்போல முதல் டியூபைக் காலியாக எடுத்து 'உ' போட்டேன். நாற்பது செல் எடுத்தேன். கடைசியில் துளியிலிருந்து வெறும் நீரை மட்டும் எடுத்து, இன்னொரு டியூபில் விட்டு, மூடியில் '41' என்று எழுதினேன். தஸ்லிமாவிடம் சொல்லவில்லை. சும்மா பார்க்கலாம் என்றுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

மூச்சு: 270. இன்ஹேலர் இரண்டு தடவை.

'உ' இருட்டு, எப்போதும்போல.

தஸ்லிமா ஓடி வந்தாள். "அக்கா, நாப்பத்தொண்ணு சூப்பருக்கா! இருபத்தெட்டுலயே வந்துருச்சு. அருமையான செல்லுக்கா!"

நான் "அப்படியா" என்றேன்.

அதில் செல்லே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஊதவில்லை.

மத்தியானம் ஊசி மாற்ற எழுந்தேன். அந்த நேரத்தில் தஸ்லிமா விளையாட்டாக என் நாற்காலியில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். என் நாற்காலியில் யாரும் உட்காருவது எனக்குப் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். சண்டைக்குப் பிறகு சமாதானம் பேச வந்திருப்பாள், பாவம்.

"அக்கா, என்னக்கா துளிக்குள்ள இவ்வளவு குப்பை கெடக்கு?"

"எங்க?"

"இந்தா, செல்லச் சுத்தி ரவை ரவையா. உடைஞ்ச செல்லுக்கா எல்லாம்."

குனிந்து பார்த்தேன். செல்கள் தெரிந்தன. ரவை தெரியவில்லை. "லைட்டு கம்மியா இருக்குக்கா" என்று அவள் வெளிச்சத்தைக் கூட்டினாள். கூட்டியதும் எனக்கு எல்லாமே வெள்ளையாகிவிட்டது, மார்கழிப் பனியில் சாலையைப் பார்க்கிற மாதிரி. அவளுக்கு அப்போதுதான் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. "பாருங்க, ஊசி நுனியிலகூட ஒட்டிருக்கு" என்றாள்.

"ஆமா, தெரியுது" என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போனேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மூச்சு: 260.

சோலைமலை இன்று கடை திறக்கவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஒனக்குத் தெரியலேன்னு எனக்குத் தெரியும்டி. பொங்கலுக்கு முன்னாடி இருந்தே தெரியும். எதுத்தாப்புல வண்டி வந்தா என் கையப் புடிச்சுக்கிற. பத்திரிகைய வாங்கி வச்சுட்டு டிவி நியூஸ் கேக்குற."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். நீ பல்பத் திட்டுன, பஸ்ஸத் திட்டுன, நூலத் திட்டுன. அடுத்து என்னையத் திட்டுவேன்னு பேசாம இருந்தேன்."

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அழுதேன் என்றே எழுதுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். தினமும் ஆயிரம் கண்ணைப் பரிசோதிக்கிற கட்டிடத்தில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. அந்த நாளில் இரண்டு வருஷமாக லீவு போட்டிருக்கிறேன். கண் சரியில்லை என்று தாளில் ஏறினால் அந்த நாற்காலி போய்விடும் என்ற பயம்தான். படிப்பில் நான் பெரிய ஆள் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அது இல்லாவிட்டால் நான் யார்?

நடந்தது இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நேரம் ஆக ஆகத் துளியில் செல்கள் உடைகின்றன. உள்ளே இருப்பது நீரில் கலக்கிறது, துகளாக ஊசியில் ஒட்டுகிறது. அதை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு செல்லோடும் பக்கத்து செல்லின் மிச்சத்தையும் சேர்த்து டியூபில் விட்டிருக்கிறேன். இதைக் காட்டிக் கொடுக்கத்தான் காலி டியூப் இருக்கிறது. நானோ அதைப் பிள்ளையார் சுழி என்று முதலிலேயே போட்டுவிட்டேன், துளியில் செல்லே இல்லாத நேரத்தில், புத்தம் புது ஊசியால். அது எப்படி அழுக்காகும்? பதினோரு மாதமாக ஒன்றும் காட்டவில்லை என்று பெருமை பேசினேனே!

பன்னிரண்டு நாள் கழித்துக் குழு கூடுகிறது. பேச்சியம்மாளுக்கு இருப்பது ஒரே தடவை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூச்சு: 270.

மேடத்தின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காலி டியூபை, நாற்பத்தொன்றை, கண்ணை. தஸ்லிமாவும் இருந்தாள். அவளுக்கும் தெரிய வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நாப்பத்தொண்ணு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை மேடம்."

"இன்னைக்கு செவ்வாய்."

"ஆமா மேடம்."

"அஞ்சு நாளு அரசி! அஞ்சு நாளா நான் அந்தக் குழுவுக்குப் பேசுறதுக்கு இந்த இருபத்திரண்ட வச்சு படம் போட்டுக்கிட்டு இருக்கேன்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அந்தப் பேச்சியம்மாளுக்கு ரெண்டு தட்டுல ஒண்ண நாம பொறுக்கி எடுத்திருப்போம். கண்ண மூடிக்கிட்டுப் பொறுக்குறதும் அதுவும் ஒண்ணுதான்."

வெளியே வந்ததும் தஸ்லிமா என்னைப் பார்க்காமல் நடந்தாள். அவளுடைய ஒரு வருஷமும் போச்சு. "என்னைய வஞ்சிருடி" என்றேன். "வைய மாட்டேன்க்கா. கலவைய சந்தேகப்பட்டீங்களே, அதுக்கு மட்டும் ஒரு பிரியாணி வாங்கித் தந்துருங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஏப்ரல் 16, புதன்

மூச்சு: 300.

குழுவுக்கு மேடம் கடிதம் எழுதிவிட்டார். 'எங்கள் அளவீட்டில் பிழை கண்டோம், திருத்திவிட்டு வருகிறோம்.' என் பெயர் அதில் இல்லை. கடிதம் போனதும் என் கையைப் பிடித்து மூன்று மாடியும் படி வழியே இறக்கிக் கூட்டிக்கொண்டு போய் வெளிநோயாளி வரிசையில் நிறுத்தினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் ஊழியர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மானம் போய்விட்டது.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்த இளம் டாக்டர் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை, லென்ஸின் பின்பக்கத்தில். நாற்பத்தாறு வயதுக்கு இது சீக்கிரம்தான். ஆஸ்துமாவுக்கு வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதால் வந்திருக்கலாம். இந்த வகைப் புரையில் கிட்டப் பார்வைதான் முதலில் போகும், வெளிச்சம் கூடக் கூட மங்கும். "மைக்ரோஸ்கோப்ல வேலை பாக்குறவங்களுக்கு இதவிட மோசமான புரை கிடையாதும்மா. எப்படிச் சமாளிச்சீங்க?"

"லைட்டக் குறைச்சுக்கிட்டேன் சார்."

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். ஆபரேஷன் வலது கண்ணுக்கு 28ஆம் தேதி, இடது கண்ணுக்கு மே 5.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூச்சு: 310.

பேச்சியம்மாளிடம் தேதி தள்ளிப்போனதை நானே சொல்கிறேன் என்றேன். மேடம் சரி என்றார்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். குட்டி ஆர்.என்.ஏ. எல்லாம் சொல்லவில்லை. "எது நல்ல படலம்னு பாத்துச் சொல்ற ஆளு நாந்தாம்மா. எனக்கே கண்ணுல புரை. தெரியாமயே தெரியுதுன்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

அவர் வெளுத்த கண்ணையும் நல்ல கண்ணையும் என் பக்கம் திருப்பினார். ஒரு பாட்டம் வைவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒனக்கும் வலிக்குதா தாயி?"

"இல்லம்மா, வலிக்கல."

"நாலு வருசம் இருந்துட்டேன், இன்னும் நாலு மாசத்துல என்ன. ஆனா பாத்து வையிக. தப்பா வச்சுறாதீக. எனக்கு இதான் கடைசி."

இப்படிச் சொல்வதற்குப் பதிலாக வைதிருக்கலாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். என் வெள்ளைக் கோட்டு வெள்ளையாக இருக்கிறது! இத்தனை நாள் சோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மே 12, திங்கள்

மூச்சு: 350.

இரண்டு கண்ணும் முடிந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். கூட்டத்தில் தூசி படக்கூடாது என்று வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார் சோலைமலை. மதுரைக்காரிக்கு இதைவிடத் தண்டனை உண்டா? அழகர் பச்சைப் பட்டில் வந்தார். பட்டின் நிறத்தை என் வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன். பிறகு ஊசியைக் கொண்டு வரச் சொன்னேன். டாக்டர் கிட்டப் பார்வைக்கென்று கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே தடவையில் நூலை ஏற்றினேன். "பழைய நூலுதான்டி" என்றார்.

மே 26, திங்கள்

மூச்சு: 360.

வேலைக்குத் திரும்பினேன். நாற்காலி அங்கேயே இருந்தது. நான் இல்லாத நாட்களில் தஸ்லிமா பழகிப் பார்த்தாளாம். நாலு செல் எடுத்தாளாம், இரண்டை விழுங்கியிருப்பேனோ என்று பயமாம். "சீக்கிரம் வாங்கக்கா, என் வயித்துல கண்ணு முளைச்சுரும்" என்று போனில் புலம்பினாள்.

உட்கார்ந்து வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். ரவை! இங்கேயும் அங்கேயும், ஊசி நுனியிலும். இவ்வளவு நாள் இதற்குள்தான் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேனா? வெட்கம் பிடுங்கித் தின்றது. அரை மணி நேரம் ஒரு செல்லையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி ஒவ்வொரு செல்லுக்கும் புது ஊசி. எடுத்த செல்லைச் சுத்தமான மூன்று துளிகளில் விட்டுவிட்டு எடுத்த பிறகுதான் டியூப். ஒரு நாளைக்கு நாற்பது முடியாது, கண்ணாடியைச் சூடாக்கி அறுபது ஊசி இழுத்தால் முப்பத்து சொச்சம்தான் தேறும். மேடம், "முப்பது போதும்" என்றார்.

காலி டியூப் விஷயத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். இனி சுழி கிடையாது. ஒரு நாளைக்கு நாலு காலி டியூப், எங்கெங்கே வரும் என்பதை நான் முடிவு செய்யக்கூடாது. காலையில் சோலைமலை காபி குடிக்கும்போது ஒன்றிலிருந்து முப்பத்து நாலுக்குள் வாயில் வந்த நாலு எண்ணைச் சொல்வார். அந்த வரிசை வரும்போது செல்லுக்குப் பதில் கடைசித் துளியின் நீரை எடுப்பேன். மூடியில் வெறும் எண் மட்டும். எது காலி என்று அளக்கிற தஸ்லிமாவுக்குத் தெரியாது. பட்டியல் இந்த நோட்டில் மட்டும் இருக்கும்.

மே 28, புதன்

மூச்சு: 355. காலி: 7, 19, 20, 33.

"பத்தொம்பதும் இருபதும் அடுத்தடுத்து வருதே?" என்றேன். "அளவெடுத்தா சொல்றேன்? வந்தது வந்துச்சு" என்றார் தையல்காரர்.

ஜூன் 2, திங்கள்

மூச்சு: 360. காலி: 1, 12, 25, 34.

முதல் எண்ணையே சொல்லிவிட்டார். பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கிண்டல்.

ஜூன் 5, வியாழன்

மூச்சு: 350. காலி: 5, 18, 29, 34. முடிந்தது. இனி மெஷின் பாடு.

ஜூன் 13, வெள்ளி

மூச்சு: 330. பயத்தில்தான்.

மூன்று நாளில் எடுத்த நூற்றிரண்டு டியூபுக்கும் எத்தனையாவது சுற்று என்று வரிசையாக எழுதி மேஜையில் தாளைப் பரப்பி வைத்திருந்தாள் தஸ்லிமா. மேடம் கதவைச் சாத்தினார். நான் இந்த நோட்டைத் திறந்தேன். வெளியாள் முன்னால் இதைத் திறப்பது இதுதான் முதல் தடவை. மேடம் எட்டிப் பார்த்ததும் மார்ச் மாதப் பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"முதல் நாள், ஏழு" என்றேன்.

"இருட்டு" என்றாள் தஸ்லிமா.

"பத்தொம்பது."

"இருட்டு."

"இருபது. முப்பத்து மூணு."

"இருட்டு. இருட்டு."

பன்னிரண்டையும் கேட்டேன். பன்னிரண்டும் இருட்டு. கடைசி நாளின் கடைசி முப்பத்து நாலு உட்பட. ஒன்றுமில்லாததைப் பார்த்து மூன்று பெண்கள் கை தட்டியது உலகத்திலேயே இங்கேதான் இருக்கும்.

பிறகு செல்கள். தொண்ணூறில் ஆறு. முன்பு நாற்பதுக்கு இருபத்திரண்டு என்று அல்வா சாப்பிட்டோம். தஸ்லிமாவின் முகம் வாடியது. "ஆறே ஆறாக்கா?"

மேடம் தாளை இழுத்து அந்த ஆறு எண்களையும் பேனாவால் வட்டமிட்டார். "ஆறுதான். ஆனா ஆறும் இருபத்தாறு, இருபத்தேழுன்னு வந்திருக்கு. மிச்சம் எல்லாம் நாப்பது வரைக்கும் சுத்த இருட்டு. நடுவுல ஒண்ணுமே இல்ல, பாரு. முன்னாடி எல்லாம் கலங்கலா இருந்துச்சு. இது இருக்கு, இல்லன்னு தெளிவாச் சொல்லுது." பேனாவை மூடிவிட்டு, "விதை செல்லு கொஞ்சமாத்தான் இருக்கணும். அது ஏன் அப்ப எனக்குத் தோணல? இருபத்திரண்டப் பாத்ததும் எனக்கும் கண்ணு மறைஞ்சு போச்சு" என்றார்.

என் பக்கம் அல்வா டப்பாவை நகர்த்தினார். ஒரு துண்டுதான். அதுவே பெரிசு.

ஜூன் 27, வெள்ளி

மூச்சு: 365. குழு சம்மதித்துவிட்டது. பிழையை நாமே சொன்னதுதான் அவர்களுக்கு நம்பிக்கை கொடுத்ததாம். தஸ்லிமாவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மறக்கவே இல்லை அவள்.

ஜூலை 8, செவ்வாய்

மூச்சு: 360. பேச்சியம்மாளின் நல்ல கண்ணிலிருந்து சதை எடுத்தார்கள். இரண்டு தட்டு.

ஜூலை 22, செவ்வாய்

மூச்சு: 370.

இரண்டு படலத்தின் ஓரத்திலும் கொஞ்சம் வெட்டி, செல்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முப்பது எடுத்தேன். இன்று விடை வந்தது. முதல் தட்டில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது தட்டில் நாலு. காலி டியூப் எட்டும் இருட்டு.

பழைய முறையில் ஒரே ஊசியால் எடுத்திருந்தால் ஒரு தட்டின் மிச்சம் மற்றதிலும் ஏறி இரண்டுமே பாதிக்குப் பாதி என்று காட்டியிருக்கும். முதல் தட்டுதான் அழகாக, நிறைவாக வளர்ந்திருக்கிறது. கண்டிப்பாக அதைத்தான் எடுத்திருப்போம்.

ஜூலை 24, வியாழன்

நாளைக்குப் படலம் வைக்கிறார்கள். மேடத்திடம் அனுமதி வாங்கிப் பேச்சியம்மாளை நாலாவது மாடிக்குக் கூட்டி வந்தேன். செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி மாட்டி, என் நாற்காலியில் உட்கார வைத்தேன். இரண்டாவது தட்டின் படலத்தில் வெட்டிய மிச்சம் ஒரு துணுக்கு இருந்தது. அதைத்தான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். நாங்கள் அளக்கிற செல் பிழைப்பதில்லை. இவை அவற்றின் அக்கம் பக்கத்து செல்கள்.

நல்ல கண்ணை வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுக்காணுதானா?"

"இம்புட்டுத்தாம்மா."

"இது என் கண்ணா?"

"உங்களோடதுதான். நாளைக்கு வைக்கப்போறதும் இதோட கூடப் பொறந்ததுதான்."

"உசுரோட இருக்கா?"

"இருக்கும்மா."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "அன்னைக்கி லிப்டுக்குள்ள ஏறும்போதும் இப்பிடித்தான சொன்ன?"

"அன்னைக்குப் பாக்காமச் சொன்னேன். இன்னைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் மறுபடியும் குனிந்துகொண்டார். நான் கையை நீட்டி வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிவிட்டேன்.